வீடு விற்க 4,800 டொலருக்குச் சோபா வாடகையா?

கேள்வி, 2 மார்ச் 2025

ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் நாலு படுக்கையறை வீடு. அடுத்த மாதம் விற்பனைக்குப் போடுகிறோம். முகவர் ஸ்டேஜிங், அதாவது விற்பதற்காக வாடகைத் தளபாடம் வைத்து வீட்டை அலங்கரிப்பது, கட்டாயம் என்று நிற்கிறார். 4,800 டொலர், அதற்கு மேல் வரி. எங்களிடமே நல்ல சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் இருக்கின்றன. அவற்றைத் தூக்கி எங்கேயாவது வாடகைக் களஞ்சியத்தில் போட்டுவிட்டு அவர்களுடைய சாமான்களை வைக்க வேண்டுமாம். வாங்குகிறவன் வீட்டையா வாங்குகிறான், சோபாவையா? என் கணக்கில் இது சுத்த ஏமாற்று. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச் 2025

ஏமாற்று இல்லை தம்பி. உங்கள் வீட்டுக்கு 4,800 டொலருக்குத் தேவையா என்பது வேறு கதை.

ஸ்காபரோவில் ஒரு ஸ்டேஜிங் கம்பனிக்கு ட்ரக் ஓட்டியவன் நான். ஓட்டுவது மட்டுமல்ல, சோபா தூக்குவதும் நான்தான். பிறகு எங்கள் சொந்த வீட்டையும் ஸ்டேஜிங் செய்து விற்றோம். காசு வாங்கிய பக்கமும் தெரியும், கொடுத்த பக்கமும் தெரியும்.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் வேலையின் முக்கால்வாசி சாமான்களை வெளியே எடுப்பதுதான். உள்ளே கொண்டுவருவது மிச்சம் கால்வாசி. அந்த முக்கால்வாசியை நீங்களும் மச்சானும் ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். களஞ்சிய வாடகை மட்டும்தான் செலவு. வெறும் வீடு என்றால் மட்டும் தளபாட வாடகையை யோசியுங்கள்.

3 மார்ச், இரவு

கணக்கையும் போட்டுவிடுகிறேன். 4,800க்கு 13 வீத வரி 624. மொத்தம் 5,424. வீடு 12 லட்சம் டொலர் என்று வைத்தால் அது அரை வீதத்துக்கும் குறைவு. அரை வீதம் விலை கூடினாலே காசு திரும்பிவிடும் என்று முகவர் சொல்வார். கணக்குச் சரி. அந்த அரை வீதம் சோபாவால்தான் கூடியது என்று யார் நிரூபிப்பது? ஒரே வீட்டை இரண்டு தடவை விற்றுப் பார்க்க முடியாதே.

5 மார்ச் 2025

ட்ரக்கில் என்னதான் போகும் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சோபா சின்னது. கை வைக்கும் பக்கம் ஒடுக்கம், கால் வெளியே தெரியும். கால் தெரிந்தால் அதற்குக் கீழே தரை தெரியும், தரை தெரிந்தால் அறை பெரிதாகத் தோன்றும். எங்கள் ஆட்களின் வீடுகளில் இருப்பது தரைவரை இறங்கிய லெதர் சோபா, எல் வடிவத்தில், பத்துப் பேர் இருக்கலாம். பிறந்தநாளுக்கு நல்லது. படத்தில் அறையையே விழுங்கிவிடும். உங்கள் சோபா நல்ல சோபா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அளவுதான் பிரச்சினை.

கட்டில். படத்தில் குயின் அளவுக் கட்டில் போலத் தெரிவது பல வேளை அதைவிடச் சின்ன டபிள். அகலம் 60 அங்குலத்துக்குப் பதில் 54, நீளம் 80க்குப் பதில் 75. பக்கத்தில் சின்ன மேசை ஒன்று, அதுவும் ஒடுக்கம். யாரும் அளந்து பார்ப்பதில்லை. மெத்தை பெரும்பாலும் காற்றடித்த மெத்தை, கீழே மட்டைப்பெட்டி. 1950களில் கட்டிய ஸ்காபரோ வீடுகளின் படிக்கட்டில் குயின் அளவுப் பெட்டி மெத்தை திரும்பாது. அதைத் தள்ளித் தள்ளிச் சுவரில் கீறல் போட்டால் நட்டம் கம்பனிக்குத்தான். காற்று மெத்தை என்றால் தோளில் ஒரு பை.

கம்பளம், பெரிய படம் ஒன்றிரண்டு, மேசை விளக்குகள், யாரும் துடைக்காத வெள்ளைத் துவாய், பிளாஸ்டிக் எலுமிச்சை, பிளாஸ்டிக் அத்தி மரம். எல்லாவற்றிலும் இலக்கம் ஒட்டியிருக்கும். எனக்குப் பிடித்தது விளக்கு வேலை. வீடு முழுக்க ஒரே நிறத்தில் ஒளிரும் குமிழ், 2700 கெல்வின் என்ற இளமஞ்சள் வெளிச்சம். குசினியில் நீலம் கலந்த வெள்ளை, ஹோலில் மஞ்சள், படிக்கட்டில் எரியாத குமிழ் என்று இருக்கும் வீட்டில் இதை மட்டும் மாற்றினாலே படம் வேறு மாதிரி வரும். செலவு நூறு டொலர் வராது.

தளபாடம் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. மார்க்கத்தில் 1990களில் கட்டிய வீடுகளில் முன்பக்கம் ஒரு லிவிங் அறை, அதை ஒட்டி டைனிங், பின்னால் ஃபமிலி அறை என்று மூன்று இருக்கும். எங்கள் ஆட்கள் பின்னறையில் வாழ்வார்கள். முன்னறையில் சைக்கிள், அரிசிச் சாக்கு, யாரோ ஊருக்கு அனுப்பக் கட்டிய பெட்டி. வெறுமையாக விட்டாலும், வருகிறவர் அங்கே நின்று "இது எதற்கு?" என்று கேட்பார். கேட்டாலே கொஞ்சம் விலை இறங்கியது என்று வையுங்கள். அங்கே ஒரு சோபா, இரண்டு கதிரை, ஒரு விளக்கு வைத்தால் கேள்வி எழாது. அந்த ஒரு அறைக்கு மட்டும் விலை கேட்டுப் பாருங்கள். தருவார்கள்.

6 மார்ச் 2025

காற்று மெத்தையில் யாராவது இருந்துவிட்டால்? இருப்பார்கள். பிள்ளைகள் குதிப்பார்கள். ஒரு வீட்டில், யாரும் வந்து பார்க்கலாம் என்ற திறந்த நாள் முடிந்து முகவர் அழைத்தார்: "மாஸ்டர் பெட்ரூம் கட்டில் படுத்துவிட்டது." பம்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை போனபோது, அந்த அறைக் கதவில் "தயவுசெய்து இருக்க வேண்டாம்" என்று ஒட்டிவிட்டு வந்தேன். முகவர் கழற்றச் சொன்னார். ஆட்கள் கட்டிலைச் சந்தேகப்படுவார்களாம்.

9 மார்ச் 2025

ஸ்டேஜிங் விலையைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் கேட்டவருக்கு. கொஞ்சம் நீளம்.

எல்லா முகவர்களும் காட்டுவது அமெரிக்க வீட்டு முகவர்களின் தேசியச் சங்கம் வெளியிடும் அறிக்கை. 2023 அறிக்கையில், வாங்குகிறவர் பக்க முகவர்களில் 81 வீதமானவர்கள், ஸ்டேஜிங் செய்த வீட்டைத் தங்கள் எதிர்கால வீடாகக் கற்பனை செய்வது வாங்குகிறவருக்கு இலகு என்று சொன்னார்கள். விலை 1 முதல் 5 வீதம் கூடியது என்றவர்கள் 20 வீதம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரத்தில் வருவது முதலாவது மட்டும். இன்னொன்று, கேள்வி கேட்கப்பட்டது முகவர்களிடம். சவாரி நல்லதா என்று ஓட்டோக்காரரிடம் கேட்ட மாதிரி என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். நான் ட்ரக்காரன், கருத்து இல்லை.

மற்றப் பக்கத்தில் 2015இல் லேன், சைலர், சைலர் என்ற மூவர் ஜேர்னல் ஒஃப் ஹவுசிங் ரிசர்ச் என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரை. ஒரே வீட்டைக் கணினிக் காட்சியில் பல விதமாகக் காட்டினார்கள். சுவர் சாதாரண நிறம், அல்லது கண்ணை உறுத்தும் ஊதா. தளபாடம் நல்லது, மட்டமானது, அல்லது ஒன்றுமே இல்லை. பார்த்தவர்கள் நல்ல தளபாடம் உள்ள வீடு வாழ நல்லது என்றார்கள். மற்றவர்கள் அதற்குக் கூடக் காசு கொடுப்பார்கள் என்றும் நம்பினார்கள். ஆனால் தாங்கள் என்ன விலை கொடுப்போம் என்று சொன்னபோது பெரிய வித்தியாசம் இல்லை.

"மற்றவன் ஏமாறுவான், நான் ஏமாற மாட்டேன்" என்று எல்லாருமே சொல்வது எனக்குச் சிரிப்பைத் தந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ரொறன்ரோவில் அதுவே போதும். இங்கே விற்கிறவர்கள் பலர் விலைக்கேள்வி நாள் என்று ஒன்றை வைத்து, வாங்க வருகிறவர்கள் போட்ட எல்லா விலைகளையும் அன்று இரவு ஒன்றாகப் பார்ப்பார்கள். மற்றவன் கூடப் போடுவான் என்று நம்புகிறவன் தானும் கூடப் போடுவான். போட்டி இருந்தால் அப்படி. 2022 பெப்ரவரியில் பெரும்பாக ரொறன்ரோவின் சராசரி விலை 13 லட்சம் டொலரைத் தாண்டியிருந்தபோது சோபா இல்லாத வீடும் அமோகமாக விற்றது. இப்போது ஒரே தெருவில் நாலு விற்பனைப் பலகை நிற்கிறது. போட்டி உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடையில்தான்.

ஆகவே நான் நினைப்பது: ஸ்டேஜிங் விலையைக் கூட்டுவதில்லை, வீட்டைப் பார்க்க வரும் ஆட்களைக் கூட்டுகிறது. படத்தைப் பார்த்துத்தானே வருகிறார்கள். வந்த பிறகு கூரை எப்போது மாற்றினீர்கள், ஃபேர்னஸ் என்ற வீட்டுச் சூடாக்கிக்கு எத்தனை வயது என்று கேட்பார்கள், அங்கே அத்தி மரம் உதவாது.

10 மார்ச் 2025

"எங்கள் முகவர் ஸ்டேஜிங் இலவசமாகச் செய்கிறார்" என்று எழுதியவருக்கு. 12 லட்சத்தில் விற்கும் முகவரின் பங்கு 2.5 வீதம் என்றால் 30,000, வரி 3,900. அதிலிருந்து வருகிற சோபா. இலவசம் வேண்டாம், வீதத்தைக் குறையுங்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மறுத்தால் சோபாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

11 மார்ச் 2025

பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டு நகையை இரவல் வாங்கிப் போடுவதுதானே இது என்று ஒருவர். சரி. கலியாணம் முடிய நகையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வருகிற ட்ரக் என்னுடையது.

16 மார்ச் 2025

சாமியறையையும் கறி மணத்தையும் என்ன செய்வது என்று கேட்கத் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தயக்கம் வேண்டாம், எங்கள் வீடுகளில் பாதி வேலை இதுதான்.

மணம் காற்றில் இல்லை. காப்பெட்டில், திரைச்சீலையில், அடுப்புக்கு மேல் உள்ள ஹூட்டின் வடிகட்டியில், குசினி அலுமாரிகளின் மேல்தட்டில் படிந்த எண்ணெயில் இருக்கிறது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் தெரியும், விரல் ஒட்டும். சவர்க்காரத் தண்ணீரால் அதைத் துடைத்து, வடிகட்டியை மாற்றி, திரைச்சீலையைக் கழற்றி எறிந்தால் பாதி போய்விடும். சுவருக்கு ஷெல்லாக் அடிப்படையிலான முதற்பூச்சு அடித்து, மேலே வெள்ளை அடித்தால் மிச்சமும் அடங்கும். சாதாரணப் பெயின்ட் மட்டும் அடித்தால் வெயில் பட மணம் திரும்பி வரும். வாசனைத் தெளிப்பான் வாங்கவே வாங்காதீர்கள். மல்லிகையும் கருவாடும் கலந்த மணத்தை எந்த நாட்டுக்காரனும் மறக்க மாட்டான்.

விற்கும்வரை எங்கே சமைப்பது? கராஜில், கதவைத் திறந்து வைத்து. பேஸ்மென்டில் இரண்டாவது குசினி இருந்தால் அங்கே வேண்டாம். சூடாக்கிக் குழாய் வழியாக மணம் நேரே மேலே வரும்.

சாமியறை பற்றி: படங்களை எடுத்து மரியாதையாகப் பெட்டியில் வையுங்கள். குடும்பப் படங்கள், அரங்கேற்றப் படம், பட்டமளிப்புப் படம், எல்லாம் இறங்க வேண்டும். வருகிறவர் உங்கள் மகளின் அரங்கேற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் யன்னலைப் பார்க்க மாட்டார்.

17 மார்ச் 2025

ஏஜாக்ஸில் இருக்கும் அக்கா ஒருவர் காரமாக மறுத்திருக்கிறார். அவர் சாமியறையை அப்படியே விட்டு, விளக்கும் ஏற்றி வைத்தாராம். வாங்கியது ஒரு தமிழ்க் குடும்பம், அந்த அறையைப் பார்த்துத்தான் பிடித்துப்போனதாம். "எங்கள் வீட்டை எங்கள் ஆட்கள்தான் வாங்குகிறார்கள், யாருக்காக ஒளிக்க வேண்டும்?" என்கிறார்.

இரவு முழுக்க அதை யோசித்தேன். நியாயம் இருக்கிறது. கம்பனியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, வீட்டில் யாருமே வாழாத மாதிரிக் காட்டு என்பது. 1970களின் தொடக்கத்தில் சியாட்டில் பக்கத்தில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி இந்தத் தொழிலைத் தொடங்கியதாகச் சொல்வார்கள், நாடகப் பின்னணி உள்ளவர். அங்கேயிருந்து வந்த பழக்கம். வாங்குகிறவர் யார் என்று தெரியாத இடத்துக்கு அது சரி. தெரிந்த இடத்தில்?

மார்க்கத்தில் சீன வாங்குபவர்கள் நிறைய. அதனால் கட்டிலுக்கு நேரே கண்ணாடி வைக்காதே என்று எங்கள் ஸ்டேஜர் கண்டிப்பாகச் சொல்வார், ஃபெங் சுயிக்கு ஆகாது. பக்கத்து ரிச்மண்ட் ஹில்லில் 2013இல் புதிய வீடுகளுக்கு 4ஆம் இலக்கமே வேண்டாம் என்று நகரசபை முடிவு எடுத்தது. அவர்களுக்கு இவ்வளவு பார்க்கிறோம், எங்கள் ஆளுக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை என்று அக்கா கேட்டால் பதில் இல்லை.

நடுவழி ஒன்று சொல்கிறேன். சாமிப் படங்களை எடுங்கள், அவை இருந்த சுவர்த் தட்டுகளை அப்படியே விடுங்கள். கூரையில் விளக்குப் புகை படிந்த கறுப்பு இருந்தால் பெயின்ட் அடியுங்கள், அது எவருக்கும் பிடிக்காது. அறைக்கதவைத் திறந்ததும் சீன வாங்குபவருக்கு அது துணி அடுக்கும் அலுமாரி. தமிழ் வாங்குபவர் கிழக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்.

30 மார்ச் 2025

யாரும் கேட்காத ஒன்று. கேட்டிருக்க வேண்டும்.

புது வீட்டுக்கு மாறிவிட்டு, பழைய வீட்டில் வாடகைச் சோபாவை வைத்து விற்கிறீர்களா? வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கனடாவில் பெரும்பாலான பத்திரங்களில், வீடு தொடர்ந்து 30 நாள் ஆளில்லாமல் இருந்தால் பல நட்டங்களுக்குக் காப்பு நின்றுவிடும். உள்ளே தளபாடம் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. குடியிருந்தவர் திரும்பி வரும் எண்ணமில்லாமல் போய்விட்டாரா என்பதுதான் கேள்வி. படத்தில் ஆள் வாழும் வீடு, பத்திரத்தில் ஆளில்லா வீடு. முன்கூட்டியே அழைத்துச் சொன்னால் கூடுதல் கட்டணத்துக்கு அனுமதி தருவார்கள். வெப்பத்தையும் நிறுத்தாதீர்கள். ஏப்ரலிலும் குழாய் உறையும் இரவு வரும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் அந்தப் பகுதியை மறந்துவிடுங்கள். வாங்க வருகிறவருக்குக் காட்ட 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், அது ஒன்ராறியோ சட்டம். அவருடைய கட்டிலை நகர்த்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. நல்லாகக் கேட்டு, ஒரு மாத வாடகையில் கொஞ்சம் குறைத்தால் அவரே கூட்டித் துடைத்துத் தருவார். ஸ்டேஜரைவிட மலிவு.

22 மே 2025

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார். 4,800 கொடுக்கவில்லை. ஒரு ஸ்டேஜரை ஆலோசனைக்கு மட்டும் கூப்பிட்டு, அவர் சொன்னதை எல்லாம் வெளியே எடுத்து, முன்னறைக்கு மட்டும் தளபாடம் வாடகைக்கு எடுத்தாராம். படங்கள் அழகாக வந்தன, பார்க்க நிறையப் பேர் வந்தார்கள், ஆனால் விலைக்கேள்வி நாள் அன்று ஒருவரும் விலை போடவில்லை. பிறகு கேட்ட விலையைக் குறைத்துப் போட்டுத்தான் விற்றிருக்கிறார். "அப்போ முழு வீட்டுக்கும் செய்திருந்தால்?" என்று கேட்கிறார்.

விலை கூடிப்போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன் தம்பி. ஆள் வராவிட்டால் படத்தைச் சந்தேகப்படலாம். வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனால் விலையைச் சந்தேகப்பட வேண்டும். முழு வீட்டுக்கும் எடுத்திருந்தால் இரண்டாம் மாத நீடிப்பு வாடகையும் சேர்ந்திருக்கும். இந்தச் சந்தையில் ஒப்பந்தம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி அந்த நீடிப்புக் கட்டணம். மெதுவான சந்தையில் கம்பனி உழைப்பது அதில்தான்.

வேகமாக விற்றால் மோட்கேஜ் வட்டி மிச்சம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். 6 லட்சம் கடனுக்கு 4.5 வீதத்தில் மாத வட்டி 2,250. ஏற்கெனவே அடுத்த வீட்டை வாங்கி இரண்டு கடனைச் சுமக்கிறவருக்கு இது உண்மையான காசு, அவர் ஸ்டேஜிங் செய்யட்டும். அதே வீட்டில் இருந்துகொண்டு விற்கிறவருக்கு என்ன மிச்சம்? எங்கேயிருந்தாலும் இருக்கச் செலவு உண்டு.

அமெரிக்கச் சங்கத்தின் இந்த வருட அறிக்கையும் வந்திருக்கிறது. 81 இப்போது 83 ஆகிவிட்டது. ஸ்டேஜிங் சேவைக்குக் கொடுத்த நடுமட்டச் செலவு 600 அமெரிக்க டொலரிலிருந்து 1,500 ஆகியிருக்கிறது. நம்பிக்கை இரண்டு புள்ளி, விலை இரண்டரை மடங்கு.

11 ஜனவரி 2026

இழையை யாரோ தூசு தட்டி எழுப்பியிருக்கிறீர்கள். கணினியில் சோபா வரைந்து படம் போடுவது பற்றிக் கேள்வி.

மலிவு, உண்மை. வெறும் அறைப் படத்தை அனுப்பினால் சோபாவோடு திரும்பி வரும். ஆனால் அந்தப் படங்களில் கட்டில் அலுமாரிக் கதவுக்கு முன்னால் நிற்கும், சூடாக்கித் துவாரம் கம்பளத்துக்குள் போய்விடும், சில வேளை சுவர் வெடிப்பும் காணாமல் போகும். கலிபோர்னியாவில் இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து, வீட்டு விளம்பரப் படத்தை டிஜிட்டலாக மாற்றியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும், மாற்றாத படத்தையும் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இங்கேயும் தவறான விளம்பரம் முகவருக்குத் தடைதான். செய்வதென்றால் வெறும் அறையின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். ட்ரக் ஓட்டியவனுக்குப் பொறாமை என்று நினைத்தால் நினையுங்கள். நேரில் வந்து வெறும் அறையில் நிற்கும் ஆட்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஜர் போட்ட திரைச்சீலைக் கம்பியும் தொங்கும் விளக்கும் வாங்குகிறவருக்கா என்று கேட்டவருக்கு: கழற்றாமல் பூட்டியிருப்பது வீட்டோடு போகும், ஒப்பந்தத்தில் விலக்கி எழுதினால் தவிர. சோபா, கட்டில் போகாது. ஆகவே ஸ்டேஜர் சுவரில் எதைப் பூட்டினாலும் அதை விலக்குப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்ட விளக்கு ஒன்றுக்காக வாங்கியவரும் விற்றவரும் வாசலில் சண்டை பிடித்தார்கள். நான் ட்ரக்கில் இருந்தபடி கோப்பி குடித்து முடித்துவிட்டேன். என் பட்டியலில் அந்த விளக்கு இருந்தது, அதனால் ஏற்றாமல் போகவும் முடியாது.